நல்லதம்பி தேர்ந்தெடுத்த தோட்டா அச்சு

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருந்த நல்லதம்பி தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் துப்பாக்கியால் சுட்டதில்லை. சுட ஆசைப்பட்டதும் இல்லை. கரும்பு பிழியும் உருளை, போர்வெல் மோட்டாரின் தண்டு, டிராக்டரின் இணைப்பு ஆணி என்று வருகிற இரும்பைக் கடைந்து கொடுப்பதுதான் அவனுக்குத் தெரிந்த உலகம். அப்படிப்பட்டவன் 1998 தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அரும்பாவூர் சுபேதார் அய்யம்பெருமாள் வீட்டுக் கூடத்தில், வெளிநாட்டுக் கம்பெனியின் படப் புத்தகம் ஒன்றை மடியில் விரித்துக்கொண்டு, ரிவால்வர் தோட்டாவுக்கு எந்த அச்சை வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் மனைவி ஜெயலட்சுமிக்காக.

ஜெயலட்சுமி மீன்சுருட்டிக்காரி. நல்லதம்பிக்குத் தாய்மாமன் மகள். பத்தொன்பது வயதில் போலீஸ் வேலைக்குத் தேர்வானாள். பயிற்சியில் முதல்முறை துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது கூட இருந்த பெண்களில் பாதிப் பேர் சுடுகிற நொடியில் கண்ணை மூடிக்கொண்டார்களாம். இவள் மூடவில்லை. "சத்தம் வரும்னு தெரியுது, வரட்டுமேன்னு நின்னேன் மாமா" என்று அவனிடம் சொல்லிச் சிரித்தாள். கல்யாணமான மறுவருஷம் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அவளும் திருச்சியிலிருந்து இங்கே ஆயுதப்படைக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். 97இல் மண்டல அளவில் நடந்த போட்டியில் பெண்கள் ரிவால்வர் பிரிவில் மூன்றாவதாக வந்தாள்.

அந்தச் சின்னக் கோப்பையை நல்லதம்பி வீட்டில் வைக்கவில்லை. பட்டறையில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி பலகையில் வைத்தான். "பொண்டாட்டி கையில துப்பாக்கியா? பாத்து நடந்துக்கப்பா" என்று யாராவது கேலி செய்தால் அவனுக்கு அன்றைக்கு முழுக்க வேலை இனித்தது.

அவளுக்கோ அந்த மூன்றாம் இடம் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. "ரெண்டு புள்ளி மாமா. ரெண்டே ரெண்டு புள்ளி. இன்னும் கொஞ்சம் கை பழகியிருந்தா மாநிலப் போட்டிக்குப் போயிருப்பேன்" என்று சோறு போடும்போதும் சொல்லுவாள், துணி மடிக்கும்போதும் சொல்லுவாள். கை பழகத் தோட்டா வேண்டும். போட்டிக்கு முன்னால் கிடைக்கிற தோட்டாக்கள் அவளுடைய ஆசைக்குக் காணவில்லை.

அப்போதுதான் சுபேதாரைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். மனைவி மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. பச்சைமலை அடிவாரத்தில் அவருக்கு இருந்த கல்லாங்காட்டில் குண்டைத் தடுக்க மண்ணைக் குவித்துப் பெரிய அணை போட்டு, முறைப்படி உரிமம் வாங்கி, ஏழெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு சுடுதல் சங்கம் நடத்திவந்தார். ஜெயலட்சுமி போய் நின்றபோது தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஆறு தோட்டா கொடுத்தார். சுட்டு முடித்ததும் இலக்கு அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர், "இவ்வளவு நாளா எங்கம்மா இருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அவரிடமும் புதுத் தோட்டா கொஞ்சம்தான் இருந்தது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீணாக்காமல், அதிலேயே மறுபடியும் வெடிமருந்தும் ஈயக்குண்டும் வைத்துப் புதுப்பிக்க அவர் அனுமதி வாங்கியிருந்தார். அதற்கான கை அழுத்து இயந்திரத்தைப் பட்டாள நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அச்சுகள்தான் இல்லை. சுடும்போது பித்தளைக் கூடு வெந்து உப்பிவிடும். அதை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஓர் அச்சு, வாயைக் கொஞ்சம் விரிக்க ஓர் அச்சு, குண்டை உட்கார வைத்து வாயை இறுக்க இன்னோர் அச்சு. பட்டறைக்காரர்கள் இதை 'டை' என்பார்கள்.

"இரும்பைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீ கைவேலைக்காரன். நீ எதைச் சொல்றியோ அதை வரவழைச்சுடறேன்" என்று சுபேதார் அந்தப் புத்தகத்தை நல்லதம்பியிடம் கொடுத்தார்.

அவர் ஏற்கெனவே ஒன்றின் மேல் பென்சிலால் குறி போட்டிருந்தார். நல்லதம்பி அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. சுட்ட கூடு பத்தை வாங்கி, சட்டைப் பையிலிருந்த மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்தான். ஆங்கிலம் அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எண்கள் தடங்கலில்லாமல் வந்தன. முப்பத்தெட்டு என்ற அளவுப் பெயரில் புத்தகத்தில் இரண்டு தோட்டாக்கள் இருந்தன. ஒன்று நீளமாக, ஒல்லியாக. மற்றது குட்டையாக, ஒரு மயிரிழை பருமன் கூடுதலாக.

"ஐயா, நீங்க குறி போட்டது வேற முப்பத்தெட்டு. நம்மது ஒல்லிக் கூடு, இதுல ஆடும். சரியா நெருங்காது."

சுபேதார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடடா. நல்லவேளை கூப்பிட்டேன் உன்னை" என்று அவன் தோளைத் தட்டினார். கூடத்து ஓரத்தில் நின்ற ஜெயலட்சுமி புருஷனைப் பார்த்த பார்வையை அவன் அப்புறம் ரொம்ப நாளைக்கு மறக்கவில்லை.

அடுத்து இன்னொரு கேள்வி வந்தது. சரியான அளவிலேயே அச்சு இரண்டு தினுசாக இருந்தது. ஒன்று வெறும் எஃகு. அதில் கூட்டை நுழைக்குமுன் உள்ளும் புறமும் எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். பிறகு மருந்து நமத்துப்போகாமல் இருக்க அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். இன்னொன்றில் உள்ளே, கார்பைடு என்னும் மிகக் கடினமான உலோகத்தில் வளையம் பதித்திருந்தது. கண்ணாடி போல வழுக்கும், எண்ணெயே வேண்டாம். சுபேதாருக்குக் கார்பைடு மேல்தான் ஆசை. நல்லதம்பி வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

கார்பைடை அவனுக்குத் தெரியும். திருச்சியில் ஒரு பட்டறையில் வேலை பழகிய நாளில், பக்கத்து லேத்தில் ஓடிக்கொண்டிருந்த கார்பைடு முனை படீரென்று உடைந்து, ஒரு துண்டு அங்கே நின்றவரின் கழுத்தில் பாய்ந்ததைப் பார்த்திருக்கிறான். எஃகு அப்படிச் செய்யாது. வளையும், தேயும், முன்கூட்டியே ஜாடை காட்டும்.

"கார்பைடு சொல்லாம கொள்ளாம உடையும் ஐயா. எஃகே வாங்குங்க. எண்ணெய் தடவுறது, துடைக்கிறது எல்லாம் நான் பாத்துக்கறேன். ஒரு கூடு விடாம என் கையாலயே துடைக்கிறேன்."

"அது பெரிய வேலையாச்சேப்பா."

"எனக்கு என்னங்க வேலை? அவளுக்காகத்தானே."

எஃகு அச்சே வந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருஷம்தான் அவர்கள் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம். அவளுக்கு ஓய்வு நாள் வரும்போதெல்லாம் காலை பஸ்ஸில் அரும்பாவூர் போவார்கள். அவள் காட்டில் நின்று சுடுவாள். அவன் சுபேதார் வீட்டுப் பின்கட்டில் மர மேஜை முன்னால் உட்கார்ந்து முந்தின வாரத்துக் கூடுகளுக்கு எண்ணெய் தடவி, அழுத்தி, வெளியே பழைய வேட்டித் துணியாலும் உள்ளே குச்சியில் சுற்றிய பஞ்சாலும் துடைத்து, மருந்தும் குண்டும் வைத்து வரிசையாக நிறுத்துவான். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கும். ஆறு சத்தமும் ஒரே சீராக விழுந்தால் அவள் மனசு இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வான். சுட்டுவிட்டு வந்து, சூடு ஆறாத கூடுகளை அவன் பின்னங்கழுத்தில் வைத்துவிட்டு ஓடுவாள். முப்பது வயதை நெருங்கும் ஒரு போலீஸ்காரி அப்படி விளையாடுவதைப் பார்த்துச் சுபேதாரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

புள்ளிகள் ஏறின. 99 ஆவணியில் மண்டலப் போட்டி. இந்தத் தடவை முதலிடம் என்று சுபேதார் பந்தயமே கட்டினார்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது நல்லதம்பியின் அம்மா பொன்னாயி எறையூரிலிருந்து வந்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷம், வீட்டில் இன்னும் பிள்ளைச் சத்தம் இல்லை என்பது அவள் குறை. ஜெயலட்சுமியிடம் நேராகவே கேட்டாள். அவளும் நேராகவே பதில் சொன்னாள்.

"மாநிலப் போட்டி முடியட்டும் அத்தை. அடுத்த வருஷம் பெத்துக்கறேன். நானும் இதே வூட்டுலதானே இருக்கப் போறேன்."

பொன்னாயி அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டாள். அம்மா அழுததைப் பார்த்த நல்லதம்பிக்கு எங்கேயோ உறுத்தியது. சாப்பிட உட்கார்ந்தவன், நினைக்காமலே ஒரு சொல்லை விட்டான்.

"தோட்டா செஞ்சு குடுக்க நான் வேணும். புள்ள குடுக்கத்தான் வேணாம் போல."

ஜெயலட்சுமி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அன்றும் மறுநாளும் இருவரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அந்த மனநிலையோடுதான் அவன் சனிக்கிழமை சாயங்காலம் தனியாக அரும்பாவூர் போனான். மறுநாள் அவள் நீண்ட பயிற்சி எடுக்க வேண்டும், அறுபது தோட்டா தேவை. மேஜை முன்னால் உட்கார்ந்தான். கரண்ட் வேறு போய்விட்டது. மங்கின வெளிச்சத்தில், மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்தான். நாற்பது கூடுகளை வழக்கம்போல உள்ளும் புறமும் துடைத்தான். கடைசி இருபதை வெளியே மட்டும் துடைத்தான். பஞ்சுக் குச்சியைத் தேடினான், கைக்குத் தட்டுப்படவில்லை, அப்படியே மருந்தும் குண்டும் வைத்து இறுக்கிவிட்டான். தட்டுப்படவில்லை என்பதும் அவன் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டதுதான். எழுந்து தேடவில்லை. அதுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் பின்கட்டில் இருந்தான். ஆறு சத்தம், இடைவெளி, ஆறு சத்தம் என்று போய்க்கொண்டிருந்தது. வேகமாகச் சுடும் பயிற்சி, சில நொடிகளுக்குள் ஆறையும் சுட்டு முடிக்க வேண்டும். ஒரு தடவை இரண்டு வெடி சீராகக் கேட்டது. மூன்றாவது பொத்தென்று, ஈரத் துணியைத் தரையில் அடித்ததுபோல விழுந்தது. அதற்கு அடுத்த சத்தம் அவன் அதுவரை கேட்காத சத்தம்.

மருந்து சரியாகப் பற்றாததால் மூன்றாவது குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதன் பின்னால் நான்காவது போய் மோதியது. துப்பாக்கி அவள் கையிலேயே பிளந்தது. அவன் ஓடிப் போனபோது அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, யாரோ எதையோ கொடுத்துவிட்டுப் போன மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரல் அடியோடு போயிருந்தது. கட்டைவிரலில் பாதி இல்லை.

சுபேதாரின் ஜீப்பில் முதலில் பெரம்பலூர், அங்கிருந்து திருச்சி. பின்சீட்டில் அவள் தலை அவன் மடியில். துண்டு சுற்றிய கையை அவன் இறுக்கிப் பிடித்திருந்தான். பாடாலூர் தாண்டும்போது அவள் கண்ணைத் திறந்தாள்.

"மாமா, என் தப்புதான். சத்தம் சின்னதா வந்துச்சு. நிறுத்தியிருக்கணும். முதல் நாளே சொல்லிக் குடுத்தது. நிறுத்தாம அமுத்திட்டேன்."

அப்போதே அவனுக்குத் தெரியும். ஜீப்பில் ஏறும் முன்பே தெரியும். அந்த நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

"ஒண்ணும் இல்ல புள்ள. சரியாயிடும்" என்றான்.

திருச்சியில் இருபத்திரண்டு நாள் இருந்தாள். அதற்குள் ஒருநாள் நல்லதம்பி அரும்பாவூர் போய், மிச்சமிருந்த பதினோரு தோட்டாக்களைச் சுபேதார் முன்னாலேயே பிரித்துப் பார்த்தான். எட்டில் மருந்து உதிரி உதிரியாகக் கொட்டியது. மூன்றில் எண்ணெய் ஊறிக் கட்டிப்பட்டு, தட்டியும் விழவில்லை. அவன் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். கார்பைடு வளையம் இருந்திருந்தால் எண்ணெயே இருந்திருக்காது. எண்ணெய் இருந்தும், எழுந்து ஒரு குச்சியைத் தேடியிருந்தால் போதும்.

சுபேதார் அந்த மருந்தையெல்லாம் ஒரு டப்பாவில் கொட்டி மூடினார்.

"விசாரணைக்கு வருவாங்க. துப்பாக்கி என்னுது, உரிமம் என்னுது. தோட்டா நான் செஞ்சதுன்னு எழுதிக் குடுத்துடறேன். உன் பேரு வரவேணாம். உன் பேரு வந்தா அந்தப் பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில யாரு இருப்பா?"

"அவகிட்ட நான் சொல்லணுமே ஐயா."

"சொல்லு. கை ஆறட்டும், அப்புறம் சொல்லு."

சுபேதார் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். உரிமம் போயிற்று, சங்கம் போயிற்று. வழக்கு என்று ஒன்றரை வருஷம் அலைந்தார். அனுமதி கேட்காமல் வெளியே போய்ப் பயிற்சி எடுத்ததற்காகவும், சத்தம் குறைந்த பிறகு நிறுத்தாமல் சுட்டதற்காகவும் ஜெயலட்சுமியின் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. அதைப் படித்துக் காட்டியபோது, "சரிதாங்க சார்" என்று இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். 2001இல் சுபேதார் மாரடைப்பில் இறந்துபோனார். பாடைக்கு முன்னால் நின்று ஜெயலட்சுமி, "என்னாலதான் மனுஷன் இப்படி ஒடிஞ்சு போனாரு" என்று கதறினாள். நல்லதம்பி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

கை ஆறி வெகு நாளாகியிருந்தது. அவளை ஆபீஸ் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். இடது கையால் எழுதப் பழகினாள். வெங்காயம் நறுக்கவும் ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்டவும் புதிதாகக் கற்றுக்கொண்டாள். அவன் முந்திக்கொண்டு எல்லாம் செய்தான். சோறாக்கினான், துணி துவைத்தான், தலை வாரிப் பின்னிவிட்டான். தெருவில் உள்ள பெண்கள் அவனைக் காட்டித் தங்கள் புருஷன்மாரைத் திட்டினார்கள். "இந்த மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவளும் ஆமாம் என்றாள். பிள்ளைப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. தன்னால் ஒரு குழந்தையைக் கை நழுவாமல் தூக்க முடியுமா என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தைப் போக்குகிற யோக்கியதை தனக்கு இல்லையென்று அவன் நினைத்தான்.

2003 சித்திரையில் அம்பிகா என்று புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஜெயலட்சுமியோடு ஒரே ஆபீஸ். நன்றாகச் சுடுவாளாம், போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அக்காவிடம் கேட்டுக்கொண்டு போக வந்திருந்தாள். நல்லதம்பி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தான். கூடத்திலிருந்து ஜெயலட்சுமியின் குரல் கேட்டது.

"மூச்சு, நிலை எல்லாம் பழகப் பழக வந்துடும். ஒண்ணே ஒண்ணை மட்டும் மறந்துடாத. சத்தம் கொறைஞ்சா கையை எடுத்துடு. எனக்கு அவசரம். ரெண்டு புள்ளி ரெண்டு புள்ளின்னு வெறி. என் கையையும் கெடுத்துக்கிட்டு, ஒரு நல்ல மனுஷரையும் கொன்னுட்டேன். வர்ற பொண்ணுங்க எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

எல்லாரிடமும். நாலு வருஷமாக, புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் கையை நீட்டிக் காட்டி, தன் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அந்தப் பெண் போனதும் கூடத்துக்கு வந்து ஜெயலட்சுமி எதிரில் தரையில் உட்கார்ந்தான். அச்சிலிருந்து ஆரம்பித்தான். சுபேதார் கார்பைடு கேட்டது, தான் எஃகு சொன்னது, அம்மா வந்துபோனது, அந்தச் சனிக்கிழமை, இருபது கூடு, பஞ்சுக் குச்சி, பிரித்துப் பார்த்த பதினோரு தோட்டா. ஒன்றையும் விடாமல் சொன்னான்.

"சுபேதாருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் தன் பேருல எழுதிக் குடுத்தாரா?"

"ஆமா."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எண்ணெய் துடைக்காம விட்டது கூடப் பரவால்ல மாமா. மனுஷன்னா மறக்கும். நாமளும் அன்னிக்கி சண்டையில இருந்தோம். விரல் போச்சேன்னு நான் அழுததும் பரவால்ல. ஆனா என் தப்பாலதான் போச்சுன்னு நாலு வருஷம் அழுதேனே, அதைத் தினமும் பாத்துக்கிட்டேதானே எனக்குத் தலை வாரிவிட்டீங்க? அந்த அழுகைய எனக்கு எப்படித் திருப்பித் தருவீங்க?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீயும் சத்தம் கேட்டு நிறுத்தியிருக்கணும்னு சொல்லுங்களேன். அதுவும் நெஜந்தானே. சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்" என்றாள்.

அந்த மாதமே ஜெயங்கொண்டத்துக்கு மாறுதல் கேட்டாள். மீன்சுருட்டியில் அம்மா தனியாக இருக்கிறாள் என்று காரணம் எழுதினாள். அது பொய்யும் இல்லை. பெட்டியை அவனேதான் கட்டிக் கொடுத்தான். அவளால் கயிறு இறுக்க முடியாது.

ஊரில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வேலை அங்கே, புருஷன் இங்கே என்று எத்தனையோ குடும்பம். தீபாவளிக்கு வந்தாள், பொன்னாயி கிழவி சாவுக்கு வந்து மூன்று நாள் இருந்தாள், செய்ய வேண்டிய சடங்கையெல்லாம் குறையில்லாமல் செய்தாள். அவன் மாதம் ஒருமுறை மீன்சுருட்டி போவான். மாமியார் இலை போடுவார். ஜெயலட்சுமி எதிரில் உட்கார்ந்து ஊர்ச் செய்தி பேசுவாள். அவள் சமையல்கட்டில் ஒற்றைக் கையாக ஏதாவது தடுமாறும்போது இவன் எழுந்தால், "இருங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். அதில் கோபம் இருக்காது. கோபம் இருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

2007இல் அரியலூர் தனி மாவட்டமாகப் போகிறது என்று பேச்சு வந்தது. அதற்கு முன்னாலும் ஒருதரம் பிரித்து, மறுபடி சேர்த்தார்கள். இந்தத் தடவை நிச்சயம் என்றார்கள். கார்த்திகையில் அது நடந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக்குத் திரும்புகிறாயா, ஜெயங்கொண்டம் சேர்ந்த அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறாயா என்று மாவட்டப் போலீஸ் ஆபீஸில் ஜெயலட்சுமியை எழுதித் தரச் சொல்லியிருப்பதாக அம்பிகா பட்டறைக்கு வந்து அவனிடம் சொன்னாள். "அக்கா வியாழக்கிழமை எழுதிக் குடுக்க வர்றாங்க அண்ணே. நீங்க ஒரு வார்த்தை பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை அவன் பட்டறையைத் திறக்கவில்லை. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பதினோரு மணியிலிருந்து ஆபீஸ் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றான். என்ன பேசுவது என்பதை நாலைந்து நாளாக யோசித்து வைத்திருந்தான். வீட்டை மாற்றிவிடலாம், ஆபீஸுக்குப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன், நான் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன், நீ அங்கே இருக்கிற மாதிரியே இங்கே இரு, நான் ஓரமாக இருந்துகொள்கிறேன். இப்படியெல்லாம்.

அவள் வெளியே வந்தபோது மணி ஒன்று. நெற்றியோரம் நரை தெரிந்தது. அவனைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டி அவளேதான் வந்தாள்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"இப்பத்தான் வந்தேன்."

"அரியலூர்னு எழுதிக் குடுத்துட்டேன் மாமா."

அவன் தலையை ஆட்டினான். யோசித்து வைத்ததில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "யோசிச்சுத்தான் எழுதுனியா?" என்று மட்டும் கேட்டான்.

"இடது கையில எழுதறவ நான். ஒவ்வொரு எழுத்தும் யோசிச்சுத்தான் வரும்." சொல்லிவிட்டு, சொன்னது சுருக்கென்று தைத்திருக்குமோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "கோவமெல்லாம் போயிடுச்சு மாமா. நெஜமாவே போயிடுச்சு. போனதுக்கு அப்புறம் பாத்தா, அந்த எடத்துல வேற ஒண்ணும் மிச்சமில்ல. அதான்."

"நான் வந்து பாக்கலாமா?"

"வாங்க. அம்மா உங்களைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு."

பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடந்தார்கள். ஜெயங்கொண்டம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அவன் ஓடிப் போய் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, லேசாக மூடி ஜன்னல் வழியாகக் கொடுத்தான். அவள் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

பஸ் அரியலூர் ரோட்டில் திரும்பி மறையும் வரை நின்றான். பிறகு பட்டறைக்கு வந்து கதவைத் திறந்தான். உடைந்த போர் மோட்டார்த் தண்டோடு ஒருவர் வாசலில் காத்திருந்தார். தண்ணீரில்லாமல் பயிர் வாடுகிறது என்றார். நல்லதம்பி வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையில் உட்கார்ந்தான்.

"வூட்டுல எப்படி இருக்காங்க?" என்று அவர் பேச்சுக்குக் கேட்டார்.

"நல்லா இருக்கா. இப்ப அரியலூர் மாவட்டத்துல வேலை."

"அப்ப எப்ப வருவாங்க?"

"லீவு கிடைக்கறப்ப" என்று நல்லதம்பி சொன்னான். லேத்தை ஓடவிட்டான். அந்த இரைச்சலில் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க முடியவில்லை.